லைசென்ஸ் சஸ்பென்ஷன் மூன்று மாதம் முடிந்தது, காரை எடுக்கலாமா? இன்சூரன்சும் நின்றுபோயிருக்கிறது

பெருமாள்புரம் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு இரவு திரும்பும்போது வண்ணார்பேட்டை பக்கம் போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். அளவு தாண்டிவிட்டது. லைசென்ஸை அங்கேயே வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். கோர்ட்டில் 10,000 ரூபாய் அபராதம் கட்டியாகிவிட்டது. அப்புறம் ஆர்.டி.ஓ.விடமிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ், அதன் பிறகு மூன்று மாத சஸ்பென்ஷன் உத்தரவு. அந்த மூன்று மாதம் போன வாரத்தோடு முடிந்தது.

கார் என் பெயரில் இருக்கிறது. லோன் என் சம்பளத்தில் போட்டதால் ஆர்.சி.யும் என் பெயரில். எனக்கு ஸ்கூட்டி லைசென்ஸ் மட்டும்தான். யாரும் ஓட்டப்போவதில்லையே என்று இன்சூரன்சையும் புதுப்பிக்காமல் விட்டுவிட்டோம், அது முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இப்போது மாமியாரை பிசியோதெரபிக்கு ஐகிரவுண்டு பக்கம் கூட்டிப்போக வேண்டும். ஆட்டோவுக்கே பணம் கரைகிறது.

தேதி முடிந்துவிட்டதால் அவர் நாளையிலிருந்து ஓட்டலாமா? போலீஸ் கொடுத்த ரசீதைக் கையில் வைத்திருந்தால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர், ஏஜென்ட், 7,000 கொடுங்கள், லைசென்சும் இன்சூரன்சும் சேர்த்து முடித்துத் தருகிறேன் என்கிறார். இப்படி ஒரு கேஸ் இருந்தால் இன்சூரன்ஸ் தொகை இரண்டு மடங்கு ஆகும் என்றும் பயமுறுத்துகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தச்சநல்லூர் தம்பி எழுதியது:

அக்கா, உத்தரவில் போட்ட தேதி முடிந்துவிட்டால் தாராளமாக எடுக்கலாம். ஊருக்குள்ளே ஓட்டுவதற்கு யார் கேட்கப்போகிறார்கள்? ரசீது இருக்கிறதே, அதைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். என் கூட்டாளிக்கு சிக்னல் கேசில் லைசென்ஸை வாங்கினபோது அந்த ரசீதை வைத்துத்தான் ஓட்டினான். இன்சூரன்ஸ் மொபைலிலேயே ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம்.


கோர்ட்டு குமாஸ்தா எழுதியது:

தம்பி, பைய. இது அப்படி விடுகிற விஷயம் இல்லை.

முதலில் ரசீது. மோட்டார் வாகனச் சட்டம் 206-வது பிரிவில் இரண்டு விதமாக லைசென்ஸை வாங்கலாம். சம்மன் கொடுத்த ஆள் ஓடிவிடுவான் அல்லது கோர்ட்டுக்கு வரமாட்டான் என்று நினைத்து வாங்கினால், அதற்குக் கொடுக்கிற ரசீதை வைத்து லைசென்ஸ் திரும்பி வரும்வரை ஓட்டலாம். உங்கள் கூட்டாளி காலத்தில் நடந்தது அதுவாக இருக்கும். 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது (4) என்று ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். குடித்துவிட்டு ஓட்டுவது, அதிவேகம், ஆபத்தாக ஓட்டுவது, ஹெல்மெட் இல்லாமல் போவது, ஆம்புலன்சுக்கு வழிவிடாதது என்று சில குற்றங்களுக்கு போலீஸ் லைசென்ஸைப் பறித்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். அதற்கும் ரசீது உண்டு. ஆனால் அந்த ரசீது ஓட்டுவதற்கான அனுமதி ஆகாது என்று அந்த உட்பிரிவிலேயே எழுதியிருக்கிறது. டீச்சர் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது இந்த ரசீதுதான். அதை நம்பி யாரும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

அடுத்தது தேதி. மூன்று மாதம் முடிந்தது என்றால் லைசென்ஸைத் திருப்பிக் கேட்கிற நேரம் வந்திருக்கிறது என்று அர்த்தம். 19-வது பிரிவைப் படித்தால் தெரியும்: தடைக்காலம் முடிந்தாலும், புத்தாக்கப் பயிற்சியை, அதாவது ரெஃப்ரெஷர் டிரெயினிங்கை, ஒழுங்காக முடித்தால்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். அதைச் செய்யாமல் எத்தனை மாதம் காத்திருந்தாலும் அட்டை ஆபீசிலேயே கிடக்கும். கணினியிலும் 'சஸ்பெண்டட்' என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

டீச்சர், வீட்டுக்காரர் பயிற்சிக்குப் போனாரா? உத்தரவுத் தாளை எடுத்துக் கடைசிப் பத்தியைப் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இரண்டு தேதி இருக்கும். சில பேர் போலீஸ் பிடித்த நாளிலிருந்து மூன்று மாதம் எண்ணிக்கொண்டிருப்பார்கள். உத்தரவில் போட்ட தேதிதான் கணக்கு. அதில் பயிற்சி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்.


பெருமாள்புரம் டீச்சர் எழுதியது:

பார்த்தேன் அண்ணாச்சி. தேதி சரிதான், போன வாரம் முடிந்தது. பயிற்சி பற்றிக் கீழே ஒரு வரி இருக்கிறது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் போகவில்லை.

ஒன்று கேட்கிறேன். இடையில் ஒரு நாள் அவசரத்துக்கு அவரே காரை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எடுக்கவில்லை, சத்தியமாக. ஆனால் ஒரு ராத்திரி மாமியாருக்கு முடியாமல் போனபோது எடுப்போமா என்று வீட்டில் பேச்சு வந்தது.


கோர்ட்டு குமாஸ்தா எழுதியது:

நல்ல வேளை எடுக்கவில்லை. அந்த மாதிரி நேரத்தில் 108-ஐக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டுப் பையனை எழுப்புங்கள்.

தடைக்காலத்தில் ஓட்டினால் 182-வது பிரிவு. மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இது அவருக்கு. உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. வண்டி உங்கள் பெயரில். லைசென்ஸ் செல்லாத ஒருவரை ஓட்டவிட்டால் உரிமையாளர் மேல் 180-வது பிரிவில் தனி வழக்கு வரும், 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. புருஷன்தானே என்று சட்டம் பார்க்காது. நீங்கள் அரசு வேலையில் இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும்.

இதைவிடப் பெரியது இன்சூரன்ஸ் பக்கம் இருக்கிறது. அதை மேலப்பாளையத்து பாய் சொன்னால் நன்றாக இருக்கும். அவர் அந்தத் துறையிலேயே இருப்பவர்.

ஏஜென்ட் விஷயம்: பயிற்சிக்கு ஆள் போகாமல் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றால் அது போலிச் சான்றிதழ். சில பேர் வேறு மாவட்டத்தில் புது லைசென்ஸ் போட்டுத் தருகிறேன் என்றும் சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். தடை இருப்பதை மறைத்து லைசென்சுக்கு விண்ணப்பிப்பதும் அதே 182-ல் வருகிற குற்றம்தான். லைசென்ஸ் விவரம் எல்லாம் இருக்கும் 'சாரதி' என்கிற அரசுக் கணினியில் நாடு முழுக்க ஒரே பதிவு. தென்காசியில் போட்டாலும் நாகர்கோவிலில் போட்டாலும் பழைய பதிவு தெரியும்.

இன்னொன்றையும் வீட்டுக்காரரிடம் சொல்லிவையுங்கள். இது முதல் முறை என்பதால் மூன்று மாதத்தோடு போயிற்று. இரண்டாவது முறை என்றால் லைசென்ஸே ரத்து. அப்படி ரத்தானவர்களின் பெயரைப் பொதுவில் வெளியிடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.


மேலப்பாளையத்தான் எழுதியது:

அண்ணாச்சி கூப்பிட்டதால் வருகிறேன். வாகனக் கிளைம்களைப் பார்ப்பதுதான் என் சோலி. விபத்து நடந்த வண்டியைப் பார்க்கப் போனால் நாங்கள் முதலில் கேட்பது மூன்று: ஆர்.சி., பாலிசி, ஓட்டினவருடைய லைசென்ஸ். விபத்து நடந்த அன்று அந்த லைசென்ஸ் செல்லுபடியாக இருந்ததா என்று ஆர்.டி.ஓ. பதிவில் சரிபார்ப்போம். அட்டையில் 2035 வரை என்று அச்சடித்திருந்தாலும் பதிவில் சஸ்பென்ஷன் இருந்தால் அது செல்லாத லைசென்ஸ்தான்.

டீச்சர், உங்கள் பழைய பாலிசியை எடுத்துப் பாருங்கள். பொடி எழுத்தில் 'டிரைவர்ஸ் கிளாஸ்' என்று ஒரு பத்தி இருக்கும். உரிமையாளர் உட்பட யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் விபத்து நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவராக இருக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம். எந்தக் கம்பெனி பாலிசியானாலும் அந்தப் பத்தி இருக்கும். பாலிசி வாங்கும்போது யாரும் படிப்பதில்லை, கிளைம் மறுக்கப்பட்டு வந்த கடிதத்தில்தான் முதல் முறை படிக்கிறார்கள்.

தடைக்காலத்தில் ஓட்டி வண்டி நசுங்கினால் வண்டிச் செலவு உங்களுடையது. அது போகட்டும் என்று விடலாம். எதிரில் வந்தவருக்கு ஏதாவது ஆனால்? தீர்ப்பாயம் நஷ்ட ஈடு போடும். 2004-ல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி இன்றும் நடப்பில் இருக்கிறது: அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கும்படி ஆகும், பிறகு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும். 'பே அண்டு ரெக்கவர்' என்று கோர்ட்டில் சொல்வார்கள். உரிமையாளர் தெரிந்தே விட்டாரா என்பதைக் கம்பெனி நிரூபிக்க வேண்டும். உங்கள் வீட்டு விஷயத்தில் அதை நிரூபிக்கச் சிரமமே இருக்காது. உத்தரவு வந்த முகவரியும் ஆர்.சி.யில் உள்ள முகவரியும் ஒன்றுதானே. லட்சக்கணக்கில் வருகிற தொகை உங்கள் பெயருக்கு எழுதப்படும்.

இது பாலிசி இருக்கும்போது. பாலிசியே இல்லாவிட்டால் கம்பெனி என்று ஒன்று நடுவில் கிடையாது. முழுத் தொகையும் நேராக உங்கள் தலையில்.

இப்போது உங்கள் கேள்வி. தொகை இரண்டு மடங்கு ஆகாது. நம் நாட்டில் பாலிசி வண்டிக்குப் போடுவது. தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கான காப்பு, அதற்கான தொகை எஞ்சின் அளவை வைத்து அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூனில் வந்த பட்டியல்படி 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஓட்டுநர் மேல் கேஸ் இருக்கிறது என்று இதை ஒருவரும் ஏற்ற முடியாது. போக்குவரத்துக் குற்றங்களை வைத்து பிரீமியத்தைக் கூட்டலாம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையம் அமைத்த குழு ஒன்று 2021 ஜனவரியில் யோசனை சொன்னது. அந்தச் செய்தியைத்தான் உங்கள் ஏஜென்ட் இப்படித் திரித்துச் சொல்கிறார் போலிருக்கிறது.

உங்களுக்கு நஷ்டம் வரக்கூடிய இடம் வேறு. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் நோ கிளைம் போனஸ் தங்கும். தாண்டினால் போய்விடும். முதல் வருடம் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50 என்று வருடக்கணக்கில் ஏறி வந்த தள்ளுபடி அது. எத்தனை வருடம் கிளைம் இல்லாமல் இருந்தீர்கள்?


பெருமாள்புரம் டீச்சர் எழுதியது:

வாங்கியதிலிருந்து ஒரு கிளைம்கூட இல்லை பாய். போன பாலிசியில் 45 சதவீதம் என்று போட்டிருக்கிறது.


மேலப்பாளையத்தான் எழுதியது:

அப்படியென்றால் இந்த முறை 50-க்கு வந்திருப்பீர்கள். வெரசாக இந்த வாரமே புதுப்பியுங்கள். லைசென்ஸ் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பாலிசி போட அவர் லைசென்ஸ் தேவையில்லை.

இடையில் நின்றுபோனதால் தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் உடனே கிடைக்கும். வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து வேண்டுமென்றால் வண்டியைப் பார்க்க வேண்டும் என்பார்கள். இப்போது நிறையக் கம்பெனிகள் ஒரு லிங்க் அனுப்பி, நீங்களே வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் ஷெட்டை விட்டு வாசல் வரை தள்ளி எடுங்கள், சேசிஸ் நம்பர் தெரிய வேண்டும். பழைய கீறல் இருந்தால் மறைக்க வேண்டாம். நோ கிளைம் போனஸ் எத்தனை என்று கேட்கும் இடத்திலும் உள்ளதையே சொல்லுங்கள், பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்வார்கள். பாலிசி தொடங்கும் தேதியோடு நேரமும் போட்டிருக்கும். அதற்கு முன் வண்டி ரோட்டில் இறங்கக்கூடாது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம். முன்தேதி போட்டு பாலிசி தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை அத்தோடு விட்டுவிடுங்கள்.

உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு என்று 15 லட்சத்துக்கு ஒன்று சேர்ப்பார்கள். அது உங்கள் பெயரில் வரும், ஏனென்றால் உரிமையாளர் நீங்கள். காருக்கான லைசென்ஸ் உங்களிடம் இல்லாததால் இப்போதைக்கு அது உங்களுக்குப் பயன்படாது. விண்ணப்பத்தில் லைசென்ஸ் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பாலிசி வந்தபிறகு லைசென்ஸ் உள்ள யாரும் அந்தக் காரை ஓட்டலாம். மச்சினன், ஆக்டிங் டிரைவர், யாரானாலும் சரி. மாமியார் ஆஸ்பத்திரி போக அதுவே போதும்.


தச்சநல்லூர் தம்பி எழுதியது:

அண்ணாச்சி, பாய், ரெண்டு பேரும் மன்னிக்கணும். ரசீதில் ரெண்டு வகை இருப்பது எனக்குத் தெரியாது. டீச்சரக்கா, நான் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.


லண்டன் பாளையங்கோட்டையான் எழுதியது:

பாய் சொன்ன ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பாலிசி வண்டியை ஒட்டி இருப்பது பெரிய வசதி. இங்கே இங்கிலாந்தில் பாலிசி ஓட்டுகிற ஆளைப் பார்த்துத்தான். குடித்து ஓட்டித் தடை வாங்கியவர்கள் ஐந்து வருடத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டால் சொல்லியாக வேண்டும், பிரீமியம் தாறுமாறாக ஏறும், சில கம்பெனிகள் எடுக்கவே மாட்டார்கள். தடை 56 நாளோ அதற்கு மேலோ என்றால் லைசென்ஸ் தானாகத் திரும்பாது. தடை முடிவதற்கு 56 நாள் முன்னால் லைசென்ஸ் கொடுக்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ. ஒரு படிவம் அனுப்பும், அதை நிரப்பிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். குடி அளவு மிக அதிகமாக இருந்தவர்கள் மருத்துவப் பரிசோதனையும் தாண்ட வேண்டும். கோர்ட் சொல்கிற பயிற்சி வகுப்பை முடித்தால் தடையில் கால் பங்கு வரை குறையும்.

யூடியூபில் இங்கத்திய வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் நம் ஊரிலும் 'தொகை ஏறும்' என்று சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு நாட்டுச் சட்டத்தையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.


டாரஸ் ராதாபுரம் எழுதியது:

நான் ஹெவி டிரைவர். ராதாபுரம் பக்கம் குவாரியிலிருந்து கேரளாவுக்கு எம்-சாண்ட், ஜல்லி லோடு. என் லைசென்சும் மூன்று மாதம் நின்றது. குடித்து இல்லை, ஓவர்லோடு.

உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அதிவேகம், சிவப்பு சிக்னலைத் தாண்டுவது, ஓட்டும்போது செல்போன், குடித்து ஓட்டுவது, சரக்கு வண்டியில் ஓவர்லோடு, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, இந்த ஆறுக்கும் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்த வேண்டும் என்று. அதில் ஐந்தாவதில் நான் மாட்டினேன். எத்தனை டன் ஏற்றுவது என்று டிரைவரா முடிவு செய்கிறான்? குவாரியில் பக்கெட்டைப் போடுகிறவன் ஒருவன், பில் போடுகிறவன் ஒருவன், அத்தனையும் முதலாளி சொல்படி. மாட்டேன் என்றால் அடுத்த நாள் வண்டியில் வேறு ஆள் இருப்பான். அபராதம் 20,000, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000, அதை முதலாளி கட்டிவிட்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார். லைசென்ஸ் என்னுடையது, வீட்டில் அடுப்பெரிவதும் அதில்தான். மூன்று மாதம் லோடுமேனாகப் போனேன்.

குடித்து ஓட்டுகிறவனுக்கும் எனக்கும் ஒரே மூன்று மாதம் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. இதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

டீச்சரம்மா, பயிற்சி ஒன்றும் மலை இல்லை. நான் போனபோது சாலை விதி, சைன் போர்டு, விபத்துப் படம், முதலுதவி என்று பாடம் நடத்தினார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் எந்த மையம் என்று கேட்டு அங்கேயே போங்கள். போகும்போது உத்தரவு நகலும் ஆதாரும் எடுத்துப்போகச் சொல்லுங்கள்.


கோர்ட்டு குமாஸ்தா எழுதியது:

ராதாபுரம் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் உத்தரவு வருவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன், படிக்கிறவர்களுக்கும் உதவும்.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் பலர் அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அது வெறும் தாள் இல்லை. ஆளைக் கேட்காமல் லைசென்ஸை நிறுத்தக்கூடாது என்று சட்டம் சொல்வதால்தான் அந்த நோட்டீஸ் வருகிறது. கேட்காமல் போட்ட உத்தரவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. அதனால் எழுத்தில் பதில் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள். லோடு ஏற்றினது யார், எடைச் சீட்டு யார் கையெழுத்து, இதற்கு முன் உங்கள் மேல் கேஸ் உண்டா, எல்லாவற்றையும் எழுதுங்கள். இன்னொன்று, 19-வது பிரிவில் 'எல்லா வகை வண்டிக்கும் அல்லது ஏதாவது ஒரு வகைக்கு' என்று இருக்கிறது. ஹெவிக்கு மட்டும் நிறுத்துங்கள், லைட் வண்டி ஓட்டிப் பிழைத்துக்கொள்கிறேன் என்று கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரி கையில் இருக்கிறது, ஆனால் கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது.

உத்தரவு தவறு என்று பட்டால் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு. மேல்முறையீடு போட்டதாலேயே தடை நின்றுவிடாது, அதையும் நினைவில் வையுங்கள்.


சேரன்மாதேவி எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது.

என் அப்பா பேட்டை ரோட்டில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது குடித்துவிட்டு வந்த ஒரு கார் அடித்தது. உயிர் பிழைத்தார். இடுப்பில் பிளேட் வைத்து மறுபடி நடக்கப் பல மாதம் ஆனது. அந்தக் காருக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தது, அதனால் வழக்கு முடிந்தபோது எங்களுக்குப் பணம் வந்தது, வாங்கின கடனை அடைத்தோம். அடித்தவரிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பு வந்திருந்தால், அந்த மனிதரிடம் ஒன்றும் இருந்திருக்காது.

டீச்சர், உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு யாரையும் இடிக்கவில்லை, அதற்காக நிம்மதி. ஆனால் மூன்று மாதம் ஒரு பெரிய தண்டனை என்று இங்கே யாரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பது சட்டம் வைத்த கோடு. என் அப்பா இன்றைக்கும் தரையில் உட்கார முடியாது.

பாலிசி நின்றிருக்கிறது, வண்டி ஷெட்டில்தானே என்று விடுகிறவர்கள் நிறையப் பேர். என்றோ ஒரு நாள் அவசரத்தில் வெளியே எடுப்பார்கள், அன்றைக்கு எதிரில் என் அப்பா மாதிரி ஒருவர் வருவார். அதனால் பாய் சொன்னதை முதலில் செய்யுங்கள்.


பெருமாள்புரம் டீச்சர் எழுதியது:

சேரன்மாதேவி தங்கச்சி, நீங்கள் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்ப் பயிற்சி எங்கே என்று கேட்டு வந்தார். அப்பா நன்றாக இருக்க வேண்டும்.

பாலிசி நேற்றுப் போட்டாயிற்று. வீடியோ எடுத்து அனுப்பினேன், 50 சதவீதம் போனஸ் அப்படியே கிடைத்தது. இரண்டு மடங்கு என்று சொன்ன ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமியாரை என் தம்பி வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறான், லைசென்ஸ் எண்ணைப் போட்டுச் சரிபார்த்தபிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

இன்னொரு கேள்வி. நானே கார் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஸ்கூட்டி லைசென்ஸில் காரையும் சேர்க்க என்ன செய்ய வேண்டும்? எல்.எல்.ஆர். வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாமா?


கோர்ட்டு குமாஸ்தா எழுதியது:

ரொம்ப நல்ல முடிவு. சாரதியில் காருக்கு எல்.எல்.ஆர். போடுங்கள், ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து டெஸ்டுக்கு நாள் வாங்கலாம். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டித் தேறினால் இருக்கிற லைசென்ஸிலேயே காரும் சேர்ந்துவிடும்.

வீட்டுக்காரர் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கக் கூடாது. எல் போர்டு வண்டியில் பக்கத்தில் இருப்பவருக்குச் செல்லுபடியாகும் கார் லைசென்ஸ் இருக்க வேண்டும், வண்டியை நிறுத்துகிற மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். தடையில் இருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். தம்பியை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டிரைவிங் ஸ்கூல்.

வீட்டுக்காரர் பயிற்சி முடித்ததும் சான்றிதழ், உத்தரவு நகல், கோர்ட்டில் அபராதம் கட்டிய ரசீது மூன்றையும் சேர்த்து மனுக் கொடுத்து லைசென்ஸைக் கேட்க வேண்டும். லைசென்ஸின் காலம் இடையில் முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முடிந்து ஒரு வருடம் தாண்டினால் மறுபடி டெஸ்ட் ஓட்ட வேண்டிவரும், 40 வயது தாண்டியவர் புதுப்பிக்கும்போது டாக்டரிடம் 1ஏ படிவம் என்கிற மருத்துவச் சான்றும் வாங்க வேண்டும். கையில் அட்டை வந்தபிறகும் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் லைசென்ஸ் எண், பிறந்த தேதி போட்டு நிலை 'ஆக்டிவ்' என்று வருகிறதா பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைக் கொடுத்துவிட்டுக் கணினியில் மாற்றாமல் விட்டுப்போனால், நாங்குநேரி டோல்கேட் பக்கம் யாராவது மெஷினில் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும்.


டாரஸ் ராதாபுரம் எழுதியது:

அண்ணாச்சி, லைசென்ஸ் பதிவில் அந்த சஸ்பென்ஷன் குறிப்பு எப்போது போகும்? புது முதலாளிகள் எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள்.


கோர்ட்டு குமாஸ்தா எழுதியது:

கடைசிக் குறிப்புக்குப் பிறகு தொடர்ந்து மூன்று வருடம் வேறு குறிப்பு விழாமல் இருந்தால், குறிப்பு இல்லாத புது லைசென்ஸ் கேட்க 24-வது பிரிவில் உங்களுக்கு உரிமை இருக்கிறது. தடையில் இருந்த மாதங்களை அந்த மூன்று வருடத்தில் சேர்க்க மாட்டார்கள். உங்கள் உத்தரவு நகலைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள் தம்பி, மனு எழுதித் தருகிறேன்.